ஐப்பசிக்கு முன் ஒருமுறை மாடி ஏறுவோம்

தசரா நெருங்கும் நாள்களில் மைசூருவின் குடியிருப்புத் தெருக்களில் புதுப்பூச்சின் மணம் வீசுவதை நாம் அறிவோம். வீட்டைத் துப்புரவு செய்து, சுவர்களுக்கு வண்ணம் பூசி, கொலுப்படி அமைக்கும் வழக்கம் ஹெப்பாள் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடமும் உண்டு. இத்தனை ஏற்பாடுகளுக்கிடையே நாம் மறந்துவிடும் இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் மொட்டைமாடி. கார்த்திகையில் கூரையின் அடிப்புறத்தில் ஈரக்கறை படரும்போதே அதன் நினைவு வருகிறது. அதற்குள் புதுப்பூச்சு உரியத் தொடங்கிவிடும்; அதற்குச் செலவிட்ட பணமும் உடன் உதிரும்.

ஒரு குடும்பம் ஈட்டும் உடைமைகளுள் வீடே பெரும்பாலும் மிகப் பெரியது. அதற்காகப் பலர் பதினைந்து, இருபது ஆண்டுகள் தவணை செலுத்துகின்றனர். தவணை முடியும் நாளில் வீடும் உறுதியாக நிற்க வேண்டுமென்றால், மழைக்கு முன்னர் அதன் கூரையை ஆண்டுதோறும் ஆராய்வது இன்றியமையாதது. அதனை எவ்வாறு செய்வது என்பதை இங்கே காண்போம்.

மழையின் காலம்

மைசூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்வதால், ஜூன், ஜூலை மாதங்களில் இங்குப் பெரும்பாலும் சாரலே விழுகிறது. மே மாதத்து இடிமழையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் மாலைநேரப் பெருமழையுமே கூரையைச் சோதிப்பவை. அதன்பின் வங்கக்கடலில் தோன்றும் புயல்கள் நவம்பரிலும் மேகமூட்டத்தையும் விடாத தூறலையும் கொண்டுவருவதுண்டு. ஆகவே, ஆவணியிலும் புரட்டாசியின் தொடக்கத்திலும் கிடைக்கும் வெயில் நாள்களே நமக்குரிய அவகாசம். ஈரத் தளத்தில் எந்தப் பூச்சும் பிடிக்காது என்பதால், அந்த நாள்களைத் தவறவிட்டால் மழை ஓயும்வரை காத்திருக்க நேரும்.

கெடுப்பது தேங்கும் நீரே

ஹெப்பாளில் பரவலாகக் காணப்படும் 30க்கு 40 அடி மனையில் எழுந்த ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். அதன் மாடி 900 சதுர அடி என்றால், 6 சென்டிமீட்டர் மழை பெய்யும் ஒரு மாலையில் அதன்மேல் விழும் நீர் ஏறத்தாழ 5,000 லிட்டர். இத்தனை நீரும் ஒன்றிரண்டு குழாய்களின் வழியே இறங்க வேண்டும். குழாயின் வாயை ஒரு பிடி சருகு அடைத்துக்கொண்டாலும் மாடி குளமாகிவிடும்.

கான்கிரீட் தளம் நீர் புகாதது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அதில் நுண்துளைகள் உள்ளன. வழிந்தோடும் நீர் அவற்றுள் புக அவகாசம் பெறுவதில்லை. நாள்கணக்கில் தேங்கும் நீரோ மெல்ல இறங்கிக் கம்பியை அடைகிறது. கம்பி துருப்பிடித்தால், அத்துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. கூரையின் அடிப்புறத்திலிருந்து சில்லுகள் பெயர்ந்து விழுவதற்கு இதுவே காரணம். கட்டிலின்மேலோ தொட்டிலின்மேலோ அவை விழுந்தால் நேரக்கூடியதை விளக்க வேண்டியதில்லை.

குளிர்காலமும் தன் பங்கைச் செய்கிறது. பகல் வெயிலில் விரிவடையும் தளம் இரவுக் குளிரில் சுருங்குகிறது. 30 அடி நீளமுள்ள தளத்தின் வெப்பம் 30 பாகை மாறினால், அதன் நீளம் 2.5 மில்லிமீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக மாறும். நாள்தோறும் நிகழும் இவ்வசைவினால் தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றுகிறது. கசிவுகள் பெரும்பாலும் அந்த மூலையிலேதான் தொடங்குகின்றன.

முன்னோர் கண்ட வழி

கான்கிரீட் வருவதற்கு முன் தமிழகத்தில் வழங்கிய மெட்ராஸ் டெரஸ் என்னும் கூரைமுறை இவ்வகையில் நமக்குப் பாடமாகிறது. தேக்குச் சட்டங்களின்மேல் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவர். கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லநீரையும் தெளிப்பதும் உண்டு. இறுதியில் தட்டோடு பதிப்பர். வெயிலையும் மழையையும் தாங்குவது மேலுள்ள இந்தப் போர்வைதான். போர்வை தேய்ந்தால் அதனை மாற்றிக்கொள்ளலாம், கூரை பிழைக்கும். இன்றைய கான்கிரீட் தளத்திற்கும் அத்தகைய போர்வையும், அதில் நீர் வழிந்தோடப் போதிய வாட்டமும் தேவை. 10 அடிக்கு 2 அங்குலம் என்ற அளவிலாவது வாட்டம் அமைவது நன்று.

மாடியில் காண வேண்டியவை

முதலில் மாடியைப் பெருக்கி, பாசியைத் தேய்த்துக் கழுவுவோம். பூந்தொட்டிகளையும் பழைய பொருள்களையும் அகற்றினால்தான் அவற்றின் அடியில் மறைந்துள்ள ஈரம் தெரியும். குழாய் வாயிலுள்ள சருகையும் மண்ணையும் நீக்கி, ஒரு வாளி நீரை ஊற்றி, அது கீழே தடையின்றி வெளிவருகிறதா என்று நோக்குவோம்.

அடுத்த மழை நின்று ஒருநாள் கழித்து மீண்டும் மேலே செல்வோம். அப்போதும் நீர் தேங்கியிருக்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொள்வோம். அவையே வாட்டம் தவறிய இடங்கள். கொத்தனாரிடம் அவ்வட்டங்களைக் காட்டினால், மாடி முழுவதையும் உடைக்காமல் அவ்விடங்களை மட்டும் சீர்செய்ய இயலும்.

பின்னர் தட்டோடுகளை ஒரு கட்டையால் மெல்லத் தட்டிப் பார்ப்போம். வெற்றொலி எழுந்தால் ஓடு சாந்தைவிட்டு விலகியுள்ளது என்று பொருள். மைசூருவில் மிகுதியாகக் காணும் சூரிய வெந்நீர்க் கலத்தின் கால்கள், தண்ணீர்த் தொட்டியின் மேடை, தளத்தைத் துளைத்துச் செல்லும் குழாய்கள் ஆகியவற்றின் சுற்றுப்புறத்தைத் தனியே ஆராய வேண்டும். மழையில்லாத நாளிலும் ஈரக்கறை வளர்ந்தால் குற்றம் கூரையில் இல்லை. தொட்டியிலோ குழாயிலோ உள்ளது. இதை அறியாமல் மாடிக்குப் பூச்சுப் பூசிப் பணத்தை இழந்தவர்கள் பலர்.

சீர்செய்யும் முறை

கைப்பிடிச் சுவர் மூலையிலுள்ள விரிசலைச் சற்று அகலப்படுத்தித் தூசி நீக்கி, அதற்குரிய நெகிழ்தன்மையுள்ள கலவையால் அடைத்து, மூலையை வட்டமாகக் குழைத்துப் பூச வேண்டும். வெறும் சிமெண்ட் பால் ஊற்றினால், தளம் அசையும்போது விரிசல் மீண்டும் திறந்துகொள்ளும். நீர்த்தடுப்புப் பூச்சு பூசுவதானால், நன்கு உலர்ந்த தளத்தில் முதற்பூச்சுக்குக் குறுக்காக இரண்டாம் பூச்சைப் பூசுவதே முறை. ஏற்கெனவே கம்பி வெளிப்பட்டிருந்தாலோ தளம் தொய்ந்திருந்தாலோ பூச்சினால் பயனில்லை. கட்டடப் பொறியாளரின் ஆலோசனையைப் பெறுதல் கட்டாயம்.

சிமெண்ட் ஷீட் வேய்ந்த கூரையில் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது. அது எடை தாங்காமல் உடையும். பழைய கல்நார் ஷீட்டைச் சுரண்டுவதும் அறுப்பதும் அதன் நுண்ணிழைகளை மூச்சில் கலக்கச் செய்யும் என்பதால், அவற்றைத் தவிர்ப்போம். மங்களூர் ஓட்டுக் கூரையில் முகட்டோடுகளின் இணைப்பையும் உடைந்த ஓடுகளையும் கவனித்தால் பெரும்பாலும் போதும். எவ்வகைக் கூரையாயினும், ஈரம் மின்விளக்கை எட்டியிருந்தால் முதலில் அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டே மற்ற வேலையைத் தொடங்க வேண்டும்.

பணத்தைத் திட்டமிடுதல்

கூரைச் செலவு எதிர்பாராத செலவன்று. காலம் தெரிந்த செலவே. மாதம் 500 ரூபாய் தொடர் வைப்பில் சேர்த்தால் ஐந்தாண்டில் 30,000 ரூபாய் அசலும் அதற்குரிய வட்டியும் கையில் இருக்கும். பெரிய பழுதுக்கு வீட்டுப் பராமரிப்புக் கடன் பெறுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: பழைய வரி முறையைத் தேர்ந்தவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடனுக்குச் செலுத்தும் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை வரிக்கழிவு கோரலாம். இதற்குப் பற்றுச்சீட்டுகளைப் பேணுவது அவசியம்.

வீட்டுக் காப்பீடு புயல், வெள்ளம் போன்றவற்றால் திடீரென நேரும் சேதத்திற்கானது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள பாரத் கிருஹ ரக்ஷா என்னும் பொதுப் பாலிசியும் அத்தகையதே. பராமரிப்பின்மையால் நாளடைவில் வளர்ந்த கசிவுக்குப் பொதுவாக இழப்பீடு கிடைப்பதில்லை. மாடியின் நிலையை ஆண்டுதோறும் தேதியுடன் படமெடுத்து வைத்தல், உரிமை கோரும் வேளையில் துணையாகும்.

மாடியில் சூரிய மின்தகடு பொருத்த எண்ணுவோர், முதலில் கூரையைச் சீர்செய்வது நலம். தகடுகள் ஏறத்தாழ 25 ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. அவற்றைப் பொருத்திய பின்னர் தளம் கசிந்தால், தகடுகளைக் கழற்றி மாட்டும் செலவும் சேர்ந்துகொள்ளும்.

நிறைவாக, வேலைகளின் வரிசை இது: முதலில் குழாய், அடுத்து வாட்டம், பின்னர் விரிசல், அதன்பின் பூச்சு, உட்சுவர் வண்ணம் இறுதியில். பெரும்பாலோர் இறுதியானதையே முதலில் செய்கிறோம். இவ்வாண்டு அவ்வரிசையை மாற்றிக்கொள்வோம். கொலுப்பெட்டியை இறக்குவதற்கு முன், ஒரு துடைப்பமும் ஒரு வாளியும் ஒரு சுண்ணக்கட்டியும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவோம். அரைநாள் உழைப்பு அடுத்த மழைக்காலம் வரை நம் வீட்டைக் காக்கும்.