கறவைக்காரரின் கை மரப்பு: பட்டையா, ஊசியா, ஆபரேஷனா?

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலும் கையால்தான் பால் கறக்கப்படுகிறது. அது முடிந்தால் களைக்கொத்து, மரவள்ளிக் கிழங்கு பிடுங்குதல், கடலை ஆய்தல். எல்லாமே கைப்பிடியை நம்பிய வேலைகள். இவ்வாறு உழைப்பவர்களில் சிலருக்கு, குறிப்பாக நடுத்தர வயதுப் பெண்களுக்கு, நள்ளிரவில் கை மரத்து விழிப்பு வருவதுண்டு. உதறினால் சற்றுத் தணியும். வாய்வு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக் காலம் கடத்துகின்றனர்.

மணிக்கட்டு எலும்புகளுக்கும், அவற்றின் மேல் குறுக்காக அமைந்த நார்ப்பட்டைக்கும் இடையே ஒரு குறுகிய வழி உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதனூடே செல்கின்றன. இடம் நெருக்கமானால் நசுங்குவது நரம்பே. இதையே டாக்டர்கள் கார்ப்பல் டனல் நோய் என்கின்றனர். எண்ணெய் தேய்ப்பதால் இந்த வழி அகலப்போவதில்லை.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரக்கும். சுண்டு விரல் தப்பிவிடும். சுண்டு விரலும் மரத்தாலோ, உடம்பில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தாலோ தொழுநோயா என்று உடனே பார்க்க வேண்டும். அதற்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். சர்க்கரை வியாதி, தைராய்டு குறைவு, கர்ப்பம் ஆகியவற்றாலும் கை மரப்பு வருவதால் ரத்தப் பரிசோதனை நல்லது.

மரப்பு வந்து வந்து போகும் நிலையில், மணிக்கட்டை மடங்காமல் நேராக வைக்கும் பட்டையை இரவில் ஆறு வாரம் அணிவதே முதல் வைத்தியம். மணிக்கட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி விரைவில் சுகம் தரும். ஆனால் 2018-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், 234 பேரில் ஆறு வாரத்தில் ஊசியே மேலாக இருந்தும், ஆறு மாதத்தில் ஊசிக்கும் பட்டைக்கும் வேற்றுமை காணப்படவில்லை. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறக்கூடும்.

ஆபரேஷனில் அந்த நார்ப்பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் விடுகிறார்கள். கையை மட்டும் மரக்கச் செய்து சிறிது நேரத்தில் முடித்துவிடலாம். நெதர்லாந்தில் 176 பேரிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், 18 மாதத்தில் ஆபரேஷன் பிரிவில் நூற்றுக்கு 90 பேரும், பட்டைப் பிரிவில் 75 பேரும் குணம் கண்டனர். அந்தப் பட்டைப் பிரிவிலும் நூற்றுக்கு 41 பேர் இடையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களே! 2025-ல் அதே நாட்டிலிருந்து 934 பேரைக் கொண்ட ஆய்வு வந்தது. ஆபரேஷனில் தொடங்கியோரில் 61 சதவிகிதமும், ஊசியில் தொடங்கியோரில் 45 சதவிகிதமும் குணமடைந்திருந்தனர்.

கணக்கு ஆபரேஷன் பக்கம் நின்றாலும், தையல் பிரிக்கச் சுமார் இரண்டு வாரமும், பளுவான வேலைக்குத் திரும்ப நாலு முதல் ஆறு வாரமும் ஆகும். பிடிப்பு வலு திரும்ப மாதங்கள் ஆகலாம். ஆகவே லேசான நோய்க்குப் பட்டையைச் சோதித்துப் பார்ப்பதே முறை. ஆனால் மரப்பு பகலிலும் நீங்காமலிருந்தாலோ, கட்டை விரலின் அடிச்சதை வற்றத் தொடங்கினாலோ, சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனாலோ காத்திருக்கக் கூடாது. வற்றிய சதை, பிந்திச் செய்த ஆபரேஷனால் முழுதும் திரும்பாமல் போகலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலோ, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ எலும்பு மருத்துவப் பிரிவில் காட்டலாம்.

அவசரமில்லாதவர்கள், கன்று ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதம் மாட்டின் கறவையை நிறுத்தும் காலத்தில் ஆபரேஷனை வைத்துக்கொள்வது நலம். கறவையில் இருக்கும்போதே செய்ய நேர்ந்தால், இரண்டு வாரம் முன்பிருந்தே மாற்றாளைக் கறக்கப் பழக்க வேண்டும். புதுக்கை பட்டால் சில மாடுகள் பாலை அடக்கிக்கொள்ளும். காயம் ஆறும்வரை சாணத்தில் அந்தக் கையை வைக்கக் கூடாது. இரு கையிலும் நோய் இருந்தால் ஒரு கை தேறிய பின்பே மறு கையைச் செய்வது வழக்கம்; மாற்றாளிடம் அந்தக் கணக்கையும் சொல்லி வைக்க வேண்டும்.