குத்துச்சண்டைக்கு மூளை வேண்டுமா?

‘படிப்பு சுத்தமா ஏறலை டாக்டர். உடம்பு மட்டும் இரும்பு மாதிரி இருக்கு. பாக்ஸிங்லயாவது சேர்த்து விடலாமா?’ இப்படிக் கேட்கும் பெற்றோர்கள் உண்டு. உங்கள் மனதிலும் அந்த எண்ணம் இருந்தால், இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். கை பலம் இருந்தால் போதும், மூளை எதற்கு என்பது தப்புக் கணக்கு.

மார்க் வேறு, புத்தி வேறு

முகமது அலியைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. 1964-ல் அமெரிக்க ராணுவம் வைத்த அறிவுத்திறன் தேர்வில் அவர் தேறவில்லை. அதே ஆண்டில்தான் சோனி லிஸ்டனைத் தோற்கடித்து உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார்! பேப்பரும் பேனாவும் அளப்பது ஒரு வகை அறிவு. ரிங்குக்குள் வேண்டியது வேறு வகை.

அது என்ன அறிவு? குத்து கிளம்பிய பிறகு பார்த்து விலகலாம் என்றால் நேரம் போதாது. எதிராளியின் தோள் அசைவதையும் கால் மாறுவதையும் வைத்தே, வரப்போவது இடது கையா வலது கையா என்று ஊகிக்க வேண்டும். தூரத்தைக் கண்ணால் அளக்க வேண்டும். மூச்சைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். வலியிலும் நிதானம் தவறக் கூடாது. அத்தனையும் மூளையின் வேலை!

கின்ஷாசா சொல்லும் பாடம்

1974 அக்டோபர் 30. அன்று ஜைர் என்று பெயர் பெற்றிருந்த காங்கோ நாட்டின் கின்ஷாசா நகரம். அலிக்கு வயது 32. எதிரே 25 வயது ஜார்ஜ் ஃபோர்மேன். அதுவரை 40 போட்டி, 40 வெற்றி. அதில் 37 நாக்-அவுட். அலியைத் தோற்கடித்திருந்த ஜோ ஃப்ரேசியரையும் கென் நார்ட்டனையும் இரண்டிரண்டு ரவுண்டில் முடித்தவர்.

பலத்துக்குப் பலம் என்று போயிருந்தால் அலி கதை முடிந்திருக்கும். அவர் கயிற்றில் சாய்ந்து, முகத்தையும் விலாவையும் கைகளால் மூடிக்கொண்டு, ஃபோர்மேனை அடிக்க விட்டார். அந்தப் புழுக்கத்தில் அடித்து அடித்தே ஃபோர்மேன் களைத்துப் போனார். எட்டாவது ரவுண்டில் அலியின் குத்தில் விழுந்தார்.

ஜெயிக்க வைத்த மூளைக்கே ஆபத்து

இங்கேதான் கவனம் தேவை. மூளை, மண்டை ஓட்டுக்குள் நீரில் மிதக்கிற மென்மையான உறுப்பு. தாடையில் ஒரு குத்து விழுந்தால் தலை வெடுக்கென்று திரும்பும். உள்ளே மூளை குலுங்கி, நரம்பு இழைகள் இழுபடும். சித்த மருத்துவத்தில் 108 வர்மங்களில் 25 தலை, கழுத்துப் பகுதியில் இருப்பதாகச் சொல்வோம். அடி தாங்கும் இடமல்ல அது.

மயங்கி விழுந்தால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். சின்னச் சின்ன அடிகளும் வருஷக்கணக்கில் சேர்ந்து, ஞாபகத்தையும் நடையையும் பேச்சையும் கெடுக்கலாம். குத்துச்சண்டைக்காரர்களிடம் காணும் இந்தப் பாதிப்பை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதிவிட்டார்.

அலியை ஓய்வு பெறச் சொன்ன அவருடைய டாக்டர் ஃபெர்டி பச்சேகோ, பேச்சு எடுபடாமல் 1977-ல் விலகினார். அலி 1981 வரை ஆடினார். 1984-ல் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரிந்தது. குத்துகள்தான் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நேரத்தோடு நிறுத்துவதும் அறிவுதான் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

* பயிற்சிக் கூடத்துக்கு நேரில் போங்கள். அடிக்கும் முன் தடுக்கவும் விலகவும் சொல்லித் தருகிறார்களா என்று பாருங்கள்.

* ஸ்கிப்பிங், மணல் மூட்டை குத்துவது, நிழல் சண்டை இவற்றாலேயே உடம்பு நன்றாகத் தேறும். தலையில் அடி வாங்கத் தேவையில்லை.

* தலைக்கவசம் தோல் கிழியாமல் காக்கும். மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது.

* அடிபட்ட பின் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், தூக்கக் கலக்கம், கேட்டதையே கேட்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தைலம், பற்று என்று வீட்டில் நேரம் கடத்தாதீர்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்.

* டாக்டர் சொல்லும்வரை மறுபடி கையுறை போடக் கூடாது. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

மார்க் வாங்காத பிள்ளைக்கு மூளை இல்லை என்று அர்த்தமில்லை. ரிங்கில் ஜெயிக்கவும் அந்த மூளைதான் வேண்டும். அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் வாழவும் அதேதான் வேண்டும். அதைக் காப்பாற்றிக் கொடுங்கள்.