உப்புநீர் மீன்தொட்டியில் கல் அடுக்கும் முறை

கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் மரக்கறி பயிரிடும் கமக்காரர் கல்வரம்பு கட்டுவதில் கைதேர்ந்தவர்கள். வீட்டில் சிறிய உப்புநீர் மீன்தொட்டி அமைக்க விரும்புவோருக்கு அவ்வனுபவம் உதவும். அடிக்கல் அசையாதிருத்தல் இரண்டிற்கும் பொதுவிதி. மணலைப் பரப்பியபின் கல் வைத்தலாகாது. மீனும் இறாலும் மணலைத் தோண்ட, கல் சரிந்து கண்ணாடி உடையும். முதலிற் கல், பின்னரே மணல்.

வேறுபாடு ஒன்றுண்டு. வரம்பில் மண் கழுவுண்டு போகாதபடி சந்துகளைச் சிறுகற்களால் அடைப்பர். தொட்டியிலோ சந்துகளே உயிர்நாடி. மீனைக் கொல்லும் கழிவு அமோனியா, மரக்கறிப் பாத்தியில் இட்ட யூரியாவைப் போலவே, நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாக மாறுகிறது. அவை கல்லின் நுண்துளைகளில் வாழ்வன. நீரோட்டம் தடைப்படின் பிராணவாயுவின்றி மடியும். ஆகவே கண்ணாடியினின்று நான்கு விரற்கடை விலக்கி, குவியலாக்காது, குகையும் வளைவுமாக அடுக்குக. தொட்டியின் அளவைத் தரையிற் கோடிட்டு, அங்கே முதலில் அடுக்கிப் பார்த்தல் நன்று.

கடலோரத்தில் முருகைக்கல் அகழ்தல் 1988ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் தடுக்கப்பட்டுள்ளது. திகனப் பகுதி டொலமைற்றுக்கல் செறிவானது, நுண்துளை குறைவு. சீமெந்து, மணல், கல்லுப்பு மூன்றையும் கலந்து வார்த்த கல்லே ஏற்றது. நன்னீரில் ஊறும்போது உப்புக் கரைந்து துளைகள் உண்டாகும். நீரை அடிக்கடி மாற்றிப் பல வாரங்கள் ஊறவிடுக. சீமெந்தின் காரம் நீங்குமுன் விடப்படும் மீன் பிழையாது.