ஒத்து ஊதுகிற பிள்ளைக்கு

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்புள்ள பிள்ளைக்கு,

பள்ளிக்கூட ஜாஸ் கழகத்தை விடப்போகிறாய் என்று அம்மா சொன்னவ. "டிரம்பெட்டும் சக்ஸபோனும் மாறி மாறித் தனி வாசிக்க, நான் மட்டும் கீபோர்டில் ஒத்து ஊதவோ?" என்று கேட்டாயாம். நேரில் சொன்னால் எழும்பிப் போய்விடுவாய். அதுதான் எழுதுகிறேன்.

என் சின்ன வயதில், கோணேசர் திருவிழாவில் நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் ஒருவர் ஒத்தோடு நிற்பார். அதில் விரல் ஓட்டி வாசிக்கத் துளை இல்லை. இரவிரவாக ஒரே சுரம். ஒருதரம் வெற்றிலை துப்ப அவர் நிறுத்தினார். அந்த ஒரு நிமிடம் நாதஸ்வரம் சனத்துக்குள் கைவிட்டுப்போன பிள்ளை மாதிரி ஒலித்தது. அன்றுதான் பக்கத்தில் நின்றவரை நான் முதன்முதல் நிமிர்ந்து பார்த்தேன்.

நீங்கள் பழகும் 'டேக் ஃபைவ்' 1959இல் பதிவானது. இயற்றியவர் சக்ஸபோன் வாசித்த போல் டெஸ்மண்ட். நம் கண்ட சாபுக்கு உள்ள அதே ஐந்து எண்ணிக்கை. நடுவில் ஜோ மொரெல்லோ டிரம்ஸில் தனி எடுக்கும்போது பின்னால் பியானோவைக் கேள்: அதே இரண்டு கோர்ட்ஸ், விடாமல். வாசிப்பவர் டேவ் புருபெக். குழுவின் பெயரே அவருடையது; 1958இல் இலங்கைக்கும் வந்துபோனவர். தலைவரே அங்கே ஒத்து ஊதுகிறார், பிள்ளை! கவுண்ட் பேஸி குழுவில் ஃபிரெடி கிரீன் 1937 முதல் 1987 வரை கிற்றார் வாசித்தவர். தனி எடுத்தது மிக அபூர்வம்.

ஒத்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது நான் பட்டுத் தெரிந்ததும்தான். பரமேஸ், கோணேஸ் சகோதரர்களின் பொப் பாட்டு நம் ஊரைக் கலக்கிய காலத்தில் நானும் கிற்றாரோடு அலைந்தேன். ஒரு கலியாண வீட்டில் வித்தை காட்ட நினைத்துக் கோர்ட்ஸை விட்டு மேலே ஓடினேன். பாடியவர் சுருதி தவறி நடுவில் நின்றுவிட்டார். சனம் சிரித்தது அவரைப் பார்த்து, பிழை என்னுடையது.

தனி வாசிக்க ஆசைப்படுவது குற்றமில்லை. ரீச்சரிடம் எட்டு பார் கேள், வெட்கப்படாதே. அதுவரை டிரம்பெட்காரன் வாசிப்பதை மனதுக்குள் கூடவே பாடு. அவன் மூச்சு வாங்கும் இடத்தில் உன் கோர்ட்டை வை; அவன் நெருக்கி வாசிக்கும்போது நீ ஒதுங்கு. இதைப் பழகினால், உன் முறை வரும்போது என்ன வாசிப்பதென்று தடுமாறமாட்டாய்.

விடுவதென்றால் அதற்குமுன் ஒன்று செய். அடுத்த ஒத்திகையில் நாலு பார் கையை எடுத்துப் பார். முன்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் உன் பக்கம் திரும்புவார்கள். ரீச்சர் ஏசினால், பெரியப்பா சொன்னவர் என்று சொல்லு.

அன்புடன்,
பெரியப்பா