கோக்கோஸ் தீவின் காசும் கடையும்

நம் கைக்கு வரும் காசு எந்தக் கடையிலும் செல்லும் என்பதை நாம் ஒரு விஷயமாகவே கருதுவதில்லை. காலையில் கல்லாவில் விழுந்த பத்து வெள்ளியை மாலையில் மொத்த வியாபாரியிடம் கட்டுகிறோம். அவர் அதை வங்கியில் போடுகிறார். ஆனால் ஒரே ஒரு கடையில் மட்டும் செல்லக்கூடிய காசைக் கூலியாக வாங்கி, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம் சமூகம் ஒன்று உண்டு. அவர்கள் இருந்த இடம் ஒரு காலத்தில் சிங்கப்பூரோடு சேர்த்து ஆளப்பட்டதுதான். அதன் பெயர் கோக்கோஸ் தீவுகள். கீலிங் தீவுகள் என்றும் சொல்வார்கள்.

இத்தீவுகள் இந்து மகா சமுத்திரத்தில், சுமத்திராவுக்குத் தென்மேற்கே, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து சுமார் 2,750 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. பவளப் பாறைமீது எழுந்த சிறு தீவுகள் 27. எல்லாவற்றையும் சேர்த்து அளந்தாலும் 14 சதுர கிலோமீட்டர்தான். ஜனங்கள் குடியிருப்பது இரண்டில் மாத்திரம். 2021-ம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மொத்தம் 593 பேர். நம் ஊரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் முஸ்லிம்கள். அவர்கள் ஹோம் தீவு என்னும் தீவில் வசிக்கும் மலாய்க்காரர்கள். மேற்குத் தீவில் விமானத் தளமும், சர்க்கார் வேலையாக வந்த ஆஸ்திரேலியர்களின் குடியிருப்பும் உள்ளன. நடுவே காயல், படகில்தான் போய்வர வேண்டும்.

1609-ல் வில்லியம் கீலிங் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் கண்டபோது இத்தீவுகளில் மனிதர் எவரும் இல்லை. ராபிள்ஸ் காலத்தில் போர்னியோவின் பஞ்சர்மாசினில் உத்தியோகம் பார்த்த அலெக்சாண்டர் ஹேர் என்பவர் 1826-ல் மலாய்த் தீவுகளைச் சேர்ந்த அடிமைகளை அழைத்துக்கொண்டு இங்கே குடியேறினார். அடுத்த வருஷமே ஜான் குளூனிஸ் ராஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஹேர் 1831-ல் தீவை விட்டுப் போனார். அவர் கொண்டுவந்த ஜனங்களும் தென்னந்தோப்புகளும் ராஸ் குடும்பத்தின் கையில் தங்கின. 1857-ல் பிரிட்டன் தீவுகளைத் தன்னுடையவை என்று சொல்லிக்கொண்டது. 1886-ல் விக்டோரியா மகாராணி அவற்றை ராஸ் குடும்பத்துக்கே நிரந்தரமாக மானியம் செய்தார்.

மேலே இருந்த ஆட்சி பலமுறை மாறியது. 1878-ல் இலங்கைக் கவர்னரின் கீழ், 1886-ல் நீரிணைக் குடியேற்றங்களின் கீழ், 1903-ல் சிங்கப்பூரோடு, யுத்த காலத்தில் மறுபடி இலங்கை, 1946-ல் மறுபடி சிங்கப்பூர், 1955 நவம்பர் 23 முதல் ஆஸ்திரேலியா. இத்தனை கை மாறியும் தோப்பில் வேலை செய்பவனுக்குக் கூலி கொடுத்தது ஒரே குடும்பந்தான்.

அந்தக் கூலியின் கதைதான் நமக்கு முக்கியம். தேங்காய் பொறுக்கி, மட்டை உரித்து, கொப்பரை காயவைப்பதே தீவின் தொழில். ராஸ் குடும்பம் தன் சொந்த நாணயத்திலேயே கூலி கொடுத்தது. முதலில் ஆட்டுத்தோலில் அச்சிட்ட சீட்டுகள், பிறகு தந்தம்போல் தோன்றும் வில்லைகள், 1968-ல் பிளாஸ்டிக் வில்லைகள். ரூபாய், சென்ட் என்று அவற்றில் மதிப்புப் போட்டிருக்கும். ஆனால் அவை செல்லுமிடம் தீவில் இருந்த எஸ்டேட் கடை ஒன்றே. தீவைத் தாண்டினால் அந்தக் காசுக்கு ஒரு பெட்டி தீக்குச்சிகூடக் கிடையாது. போனவன் திரும்பி வரக்கூடாது என்றும் ஏற்பாடு இருந்தது.

குடும்பத்தார் வீடு கொடுத்தார்கள், வேலையில்லாதவன் என்று எவனும் இல்லை என்று அவர்களுக்கு ஆதரவாகப் பேசுவோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. கடையில் விலை கூடுதலா குறைவா என்று கேட்டால், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கடை இருந்தாலல்லவா சொல்ல முடியும்? என் கடையிலும் கடன் நோட்டு இருக்கிறது. கணக்கில் சந்தேகம் வந்தால் வாடிக்கைக்காரர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார் என்ற பயமும் எனக்கு இருக்கிறது. பல சமயம் என்னை நியாயமாக விலை போட வைப்பது அந்தப் பயந்தான் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. கோக்கோஸ் கடைக்கு அந்தப் பயம் இருக்கவில்லை.

யுத்தத்துக்குப் பின் ஜனம் பெருகவே, பலர் வட போர்னியோவுக்குப் புறப்பட்டார்கள். சபாவின் தவாவ், லகாட் டத்து பகுதிகளில் அவர்கள் சந்ததியார் இன்றும் கோக்கோஸ் மலாய்க்காரர் என்றே அறியப்படுகிறார்கள்.

எம்டன் கப்பலைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1914 செப்டம்பரில் சென்னைமீது குண்டு போட்டு, அக்டோபரில் பினாங்குத் துறைமுகத்தில் ரஷ்யக் கப்பலை மூழ்கடித்த அந்த ஜெர்மன் கப்பலின் கதை முடிந்தது இத்தீவுகளில்தான். தந்தி நிலையத்தை உடைக்க வந்த அதை, நவம்பர் 9-ல் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அடித்து நொறுக்கியது. கரையில் இறங்கியிருந்த ஜெர்மானியர்கள் ராஸ் குடும்பத்தின் பாய்க்கப்பலை எடுத்துக்கொண்டு தப்பினார்கள். அந்தப் பாய்க்கப்பலின் பெயர் ஆயிஷா!

1974-ல் ஐக்கிய நாட்டுத் தூதுக்குழு வந்து நிலைமையைப் பார்த்துப் போனபின் விஷயம் வெளியுலகில் பேசப்பட்டது. 1978-ல் ஆஸ்திரேலிய சர்க்கார் 62 லட்சத்து 50 ஆயிரம் ஆஸ்திரேலிய வெள்ளி கொடுத்து, ராஸ் குடும்பத்தின் மாளிகையையும் அதன் தோட்டத்தையும் தவிர மற்ற நிலமெல்லாவற்றையும் வாங்கியது. வில்லைகள் போய் ஆஸ்திரேலியக் காசு புழக்கத்துக்கு வந்தது. 1979-ல் தீவினருக்கென ஒரு கவுன்சிலும், ஒரு கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டன. முன்பு முதலாளியிடம் இருந்த தொழில் சங்கத்தின் பொறுப்புக்கு வந்தது.

1984 ஏப்ரல் 6-ம் தேதி, ஐக்கிய நாட்டுப் பார்வையாளர்கள் முன்னிலையில், ஜனங்களே தங்கள் வருங்காலத்துக்கு வாக்களித்தார்கள். ஆஸ்திரேலியாவோடு முழுதும் இணைய 229 பேர். தனித்து நின்று உறவு மட்டும் வைத்துக்கொள்ள 21 பேர். சுதந்திர நாடாக 9 பேர். தேங்காய் மட்டும் விளையும் 14 சதுர கிலோமீட்டரில் தனி சர்க்கார் நடத்துவது எப்படி என்று அவர்கள் யோசித்திருக்க வேண்டும். 1992 முதல் மேற்கு ஆஸ்திரேலியாவின் சட்டங்கள் அங்கே செல்கின்றன. ஊர்க் காரியங்களைப் பார்ப்பது தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் மன்றம். பாராளுமன்றத் தேர்தலில் மட்டும் வடக்குப் பிரதேசத்துத் தொகுதியோடு சேர்ந்து வாக்களிக்கிறார்கள், விசித்திரந்தான்!

கொப்பரைத் தொழில் 1987-ல் நின்றது. இன்று வருமானம் சர்க்கார் வேலையும், உல்லாசப் பயணிகளும். மளிகைச் சரக்கு வாரக் கணக்கில் காத்திருந்து கப்பலில் வருகிறது. பசுங்காய்கறி விமானத்தில் வருவதால் விலை நம் வயிற்றைக் கலக்கும். நோன்புப் பெருநாளுக்குத் தீவு முழுதும் பொது விடுமுறை. வாக்களித்த ஏப்ரல் 6-ம் தேதியையும் கொண்டாடுகிறார்கள்.

அந்தப் பழைய பிளாஸ்டிக் வில்லைகள் என்னவாயின என்று கேட்பீர்கள். நாணயம் சேகரிப்போர் அவற்றை ஏலத்தில் நல்ல விலைக்கு வாங்குகிறார்கள்.