டிபக் வரி எச்சரிக்கைகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோயில் நகைக்குப் பேர்போன வடசேரிக்கு உரைகல்லைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொன்னை உருக்காமலே உரசிப் பார்த்து மாற்றுச் சொல்கிற கல் அது. நிரலை ஓட்டாமலே படித்துப் பார்த்து, எங்கே தவறு நேரலாம் என்று சொல்லும் கருவிகளும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஸ்டாட்டிக் அனாலிசிஸ் என்று இதற்குப் பெயர். நாகர்கோவில் வட்டாரக் கல்லூரிகளில் கணினி படித்துவிட்டு லினக்ஸ் கெர்னல் பக்கம் வரும் இளைஞர்கள் முதலில் எதிர்கொள்வது இந்தக் கருவிகள் கொட்டும் எச்சரிக்கைகளை. அதுவும் பிழை தேட உதவியாக எழுதிவைக்கும் டிபக் லாக் வரியில் எச்சரிக்கை வந்தால், பலர் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. அதற்குக் காரணமான ஐந்து நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: லாக் வரி செய்தியை அச்சிடுவதோடு சரி, அதனால் ஆபத்து வராது.

உண்மை: கெர்னலுக்குள் இருக்கும் எந்த வரியும் முழு அதிகாரத்தோடு ஓடுகிறது. பி43 என்ற வயர்லெஸ் டிரைவர், ஃபார்ம்வேர் கிடைக்காதபோது காட்டும் பிழைச் செய்தியை அப்படியே அச்சு வடிவமாக லாக் ஃபங்ஷனுக்குக் கொடுத்துவந்தது. அந்தச் செய்திக்குள் வெளியிலிருந்து தரப்பட்ட எழுத்துகளும் கலந்திருந்தன. அவற்றில் சதவீதக் குறிகளை நுழைத்தால் கெர்னலின் நினைவகத்தோடு விளையாடலாம். 2013இல் சிவிஇ-2013-2852 என்ற எண்ணில் இது பாதுகாப்பு ஓட்டையாகப் பதிவானது. திருத்தம் மிகச் சிறியது: செய்திக்கு முன்னால் '%எஸ்' என்று ஒரு வடிவம் சேர்த்தால் போதும். 'அச்சு வடிவம் நிலையான சரமாக இல்லை' என்று கம்பைலர் சொல்லும்போது இதைத்தான் சுட்டுகிறது.

நம்பிக்கை 2: டிபக்கை அணைத்துவிட்டால் அந்த வரியில் பிழை இருந்தாலும் கவலையில்லை.

உண்மை: பழைய நிரல்களில், அணைத்த நிலைக்கான டிபக் மேக்ரோவை வெறுமையாக எழுதி வைத்திருப்பார்கள். அப்போது கம்பைலரின் கண்ணில் அந்த வரியே படாது. லாக்குக்காக மட்டும் வைத்திருந்த மாறி, 'பயன்படாத மாறி' என்ற எச்சரிக்கையாகத் திரும்பி வரும். இஃப்-க்குக் கீழே அந்த லாக் மட்டும் இருந்தால், உள்ளே ஒன்றுமில்லாத இஃப் என்று இன்னொரு எச்சரிக்கை வரும். நெடுநாள் கழித்து டிபக்கை இயக்கினால் நிரல் கம்பைல்கூட ஆகாமல் போகலாம்.

இதற்கு மருந்து கெர்னலிலேயே இருக்கிறது. நோ_பிரிண்ட்கே என்ற மேக்ரோ, ஒருபோதும் நிறைவேறாத ஓர் இஃப்-க்குள் லாக் வரியை வைக்கிறது. கம்பைலர் வகைகளைச் சரிபார்த்துவிடும். ஓடும் நிரலில் எந்தச் சுமையும் சேராது. பிஆர்_டிபக் என்று எழுதினால் அணைந்த நிலையில் இந்த வசதி தானாகவே கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: எண்ணிக்கையைக் கூட்டுவது போன்ற வேலையை லாக்கின் அடைப்புக்குள் வைத்தால், டிபக் அணைந்ததும் அந்த வேலையும் நின்றுவிடும்.

நம்பிக்கை 3: லாக் முதலில், சோதனை பிறகு, வரிசை மாறினால் குடி முழுகிவிடாது.

உண்மை: பாயிண்டர் வெறுமையா என்று சோதிக்கும் முன்பே அதன் வழியாக ஒரு பெயரை எடுத்து அச்சிட்டால், ஸ்மேட்ச் போன்ற கருவிகள் உடனே எச்சரிக்கும். வெறுமையான பாயிண்டர் அந்த வரியிலேயே கெர்னலைக் கவிழ்க்கலாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று அதைவிட மோசமானது. பாயிண்டரை ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்று, ஆகவே அது வெறுமையாக இருக்காது என்று கம்பைலர் முடிவுகட்டி, பின்னால் வரும் சோதனையையே நீக்கிவிடலாம். 2009இல் லினக்ஸ் 2.6.30இன் டன் என்ற மெய்நிகர் வலையமைப்பு டிரைவரில் இது நடந்தது. அங்கே முந்திக்கொண்டது ஒரு மாறியின் அறிவிப்பு. டிபக் வரி சோதனைக்குப் பிறகு சரியான இடத்தில்தான் இருந்தது. ஆனால் முந்துவது லாக் வரியாக இருந்தாலும் விளைவு மாறாது. பாதுகாப்பு ஆய்வாளர் பிராட் ஸ்பெங்லர் அந்த ஓட்டையைக் கொண்டு ரூட் அதிகாரமே பெற முடியும் என்று காட்டினார். அதன்பின், இத்தகைய சோதனைகளை நீக்கக் கூடாது என்ற கட்டளையோடு கெர்னலைக் கம்பைல் செய்யத் தொடங்கினார்கள்.

நம்பிக்கை 4: எச்சரிக்கை நின்றுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

உண்மை: கருவியின் வாயை அடைப்பது எளிது. 2006இல் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டில் அப்படித்தான் நடந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலில், ஓடும்போது பிழை தேடும் வால்கிரைண்ட் முதலிய கருவிகள் முறையிட்டன என்பதற்காகச் சில வரிகள் நீக்கப்பட்டன. எச்சரிக்கை நின்றது, ரகசியச் சாவிகளுக்குத் தேவையான தற்செயல்தன்மையும் போயிற்று. ஒவ்வொரு சாவி வகையிலும் 32,767 சாவிகளே சாத்தியம் என்ற நிலை வந்தது. 2008 மே மாதம்தான் இது வெளிப்பட்டது. சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் அடித்தளம் டெபியன்தான் என்பதால், இந்தப் பாடம் நமக்கும் உரியது. லாக் வரியிலும் இதே கதைதான். 64 பிட் அளவைச் சிறிய எண்ணாக வகை மாற்றினால் எச்சரிக்கை மறையும். கூடவே மதிப்பின் ஒரு பகுதியும் தொலையலாம். அளவுக்குப் பொருந்தும் வடிவக் குறியை எழுதுவதே சரி.

நம்பிக்கை 5: கருவி காட்டும் இடத்தில்தான் பிழை, அங்கேதான் திருத்த வேண்டும்.

உண்மை: ஒரே மேக்ரோவில் உள்ள குறை, அதை அழைக்கும் நூறு இடங்களில் நூறு எச்சரிக்கைகளாகத் தோன்றும். நூறையும் தனித்தனியே திருத்தப் புறப்படாமல், மேக்ரோ விரிந்த பிறகு நிரல் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வேரில் ஒரு திருத்தம் போதுமானதாக இருக்கலாம். சில எச்சரிக்கைகள் பொய்யாகவும் இருக்கும். டிபக் அணைந்திருக்கும்போது 'இந்த வரி ஓடவே ஓடாது' என்று கருவி சொன்னால், அது நாம் வேண்டுமென்றே செய்தது. அப்போது காரணத்தைக் குறிப்பாக எழுதிவிட்டு நகரலாம். காரணம் எழுத முடியவில்லை என்றால், அந்த எச்சரிக்கையை நாம் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

இதற்கெல்லாம் விலையுயர்ந்த மென்பொருளோ பெருநகர அலுவலகமோ தேவையில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2003இல் எழுதத் தொடங்கிய ஸ்பார்ஸ், டான் கார்பெண்டரின் ஸ்மேட்ச், பிரான்சில் உருவான காக்சினெல் ஆகிய ஆய்வுக் கருவிகள் மூன்றும் இலவசம். வடசேரியில் ஒரு வீட்டு மடிக்கணினியிலேயே இவற்றை ஓட்டலாம். கெர்னலில் ஒரு சிறிய டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டிபக் வரிகளில் வரும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஏன் வந்தது என்று தெரியும்வரை எதையும் மாற்றாதீர்கள். தெரிந்தபின் திருத்தி அனுப்புங்கள். யார் அனுப்பினாலும், திருத்தம் சரியாக இருந்தால் கெர்னல் அதை ஏற்றுக்கொள்ள வாய்ப்புண்டு.