மாமை நீங்கிப் பசலை பெற்ற செல்வம்
(திருவிருத்தம் பன்னிரண்டாம் பாசுரம் குறித்த சிறு விளக்கம்)

வைகாசி விசாக உற்சவத்தின் ஐந்தாம் திருநாளன்று, தண்பொருநைக் கரையின் நவதிருப்பதி எம்பெருமான்கள் ஒன்பதின்மரும் ஆழ்வார் திருநகரியில் கருட வாகனத்தில் எழுந்தருளுகின்றனர். ஹம்ஸ வாகனத்தில் எழுந்தருளியிருக்கும் நம்மாழ்வாருக்கு அன்று அவர்கள் அருளும் காட்சியைச் சேவிக்கப் பல ஊர்களிலிருந்தும் அன்பர்கள் திரள்கின்றனர். சேவித்துத் திரும்புங்கால், "கண்ணாரக் கண்டோம், ஆயினும் நெஞ்சு நிறையவில்லையே" என்று வருந்துவாரும் உளர். இந்நிறைவின்மை பக்தியின் குறைவா, அன்றிப் பக்தியின் பயனா? இவ்வினாவுக்கு நம்மாழ்வார் நான்கே அடிகளில் விடை அருளியுள்ளார்.

ஆழ்வாரின் பிரபந்தங்கள் நான்கனுள் முதலாவதான திருவிருத்தம், ருக்வேத ஸாரமாகப் பெரியோர்களால் போற்றப்படுவது. நூறு பாசுரங்களும் கட்டளைக் கலித்துறை யாப்பில் அமைந்தவை. இந்த யாப்பில் நேரசையில் தொடங்கும் அடிக்கு, ஒற்று நீக்கி எண்ண, 16 எழுத்துகள். நிரையசையில் தொடங்கினால் 17. நாம் எடுத்துக்கொண்ட பன்னிரண்டாம் பாசுரம் நேரசையில் தொடங்குவது. ஆகவே பாசுரம் முழுவதும் 64 எழுத்துகளே. இச்சிறு எல்லைக்குள் இரண்டு நிறங்களும், ஓர் இரவும், ஒரு திருவாழியும், ஒரு திருத்துழாயும், ஒரு பெண்ணின் பெருவேட்கையும் அடங்கியிருப்பதே வியப்பு.

பேசுபவள் பராங்குச நாயகி. ஞான நிலையில் ஆழ்வார் தாமான தன்மையில் பேசுவார். பிரேமம் மீதூர்ந்தபோது பெண்ணாகிப் பேசுவார் என்பது ஆசார்ய ஹ்ருதயம் உணர்த்தும் நெறி. அவள் கூறுவதன் திரண்ட கருத்து இது: மணி போன்ற என் மாமை நிறம் பெயர்ந்து போகிறது, சேறு போலச் செறிந்த பசலை மேனியில் ஊர்கிறது, இரவோ ஊழிகளாய் நீள்கிறது. இவை யாவும், சக்கரப் படையுடைய கண்ணனது குளிர்ந்த துழாயைச் சார்ந்துவிட்ட என் நல்ல நெஞ்சினார் எனக்குத் தந்துவிட்டுப் போன ஒப்பற்ற செல்வம்.

முதலில் நிறங்களைக் காண்போம். மாமை என்பது மாந்தளிர் போன்ற மெருகுடைய மேனி நிறம். தமிழ் மரபில் அழகின் நிறம் அதுவே. பசலையாவது பிரிவினால் அம்மேனியில் படரும் வெளிறிய பொன்னிறம். சங்கப் புலவர்கள் அதற்குப் பீர்க்கம்பூவை உவமை கூறினர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் பசலை பாய்தலை ஒரு மெய்ப்பாடாக எண்ணுகிறது. வடமொழியில் பரத முனிவர் தம் நாட்டிய சாஸ்திரத்தில் எட்டு ஸாத்த்விக பாவங்களைக் கூறுகையில் வைவர்ண்யம் என்பதையும் ஒன்றாக வைத்தார். அச்சொல் நிறம் மாறுதல் என்ற அளவில் நிற்பது. தமிழோ போகும் நிறத்துக்கு ஒரு பெயரும் வரும் நிறத்துக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறது. ஆதலின் ஒன்று பெயர்வதையும் மற்றொன்று ஊர்வதையும் ஆழ்வாரால் எதிரெதிரே நிறுத்த முடிந்தது. பசலைக்கு அவர் கொடுத்த அடைமொழி, வெள்ளம் வடிந்தபின் வயலில் தங்கும் வண்டலை இப்பொருநைக்கரை உழவர்க்கு நினைவூட்டும்.

திருக்குறளிலும் பசப்புறு பருவரல் என ஓர் அதிகாரம் உண்டு. அங்கும் ஒரு தலைவி, பசலை தன் மேனிமேல் ஊர்வதாகவே பேசுகிறாள். ஆயினும் அங்கே பசலையைத் தந்தவர் காதலர். இங்கே தந்தது நாயகியின் சொந்த நெஞ்சம். எம்பெருமான்மேல் அவள் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. இவ்வேறுபாடே பாசுரத்தின் உயிர்நிலை.

அந்நெஞ்சம் எப்போது போயிற்று? இதே பிரபந்தத்தின் மூன்றாம் பாசுரத்தில், எம்பெருமான் நடத்தும் கருடப் புள்ளின் பின்னே தன் தனி நெஞ்சம் போயிற்றென்றும், அது அங்கேயே நிற்குமோ மீளுமோ என்றும் அவள் ஏங்குகிறாள். பன்னிரண்டாம் பாசுரத்தில் அவ்வையம் தீர்ந்துவிட்டது. நெஞ்சு மீளவில்லை, துழாயிலேயே தங்கிவிட்டது. அஃறிணையான நெஞ்சத்தை 'நெஞ்சினார்' என்று உயர்திணையாக்கி, 'நல்ல' என்ற அடையும் கொடுத்துப் பேசுகிறாள். தன்னைக் கைவிட்டுப் பெரிய இடம் சேர்ந்த ஒருவரைச் சொல்லும் பாங்கு இது. 'வளம்' என்றதும் முதற்கண் ஊடற்குறிப்பே. போகிறவர் செல்வம் வைத்துப் போவது உலகியல். இவரோ பசலையையும் நெட்டிரவையும் வைத்துப் போனார் என்பது அவள் மனத்தாங்கல்.

எனினும் ஒன்றை உற்றுநோக்க வேண்டும். போன நிறம் மீண்டு வரவேண்டுமென்று அவள் கேட்கவில்லை. அது போன இடம் எது? பாசுரத்தில் எம்பெருமானின் நிறம் வெளிப்படையாகக் கூறப்படவில்லை. ஆனால் கண்ணன் என்னும் திருநாமம் க்ருஷ்ண சப்தத்தின் திரிபு. அதன் பொருள் கருமை. திருத்துழாயும் கரும்பசுமை உடையது. இரவும் இருண்டது. அவள் மேனியினின்று அகன்ற கருமை அவள் வேட்கையுற்ற திசையெங்கும் நிற்கிறது. நெஞ்சு சென்ற வழியே நிறமும் சென்றது. அவள் மேனியில் எஞ்சிய பசலை, நெஞ்சு உரிய இடம் சேர்ந்ததற்குச் சான்று. சான்று கையிலிருப்பவளை வறியவள் என்னலாகாது. ஆதலால் ஊடலாகச் சொன்ன 'வளம்' என்ற சொல் உண்மையாகவே வளமாகிவிடுகிறது.

இது அந்யாபதேசம். இதன் உட்பொருளாக அடியேன் கொள்வது: எம்பெருமானை அடையுமுன்னரே அவனுக்காக ஏங்குதலும் அவன் தந்த பேறு. ஏக்கமில்லாத நெஞ்சுக்கு இரவு வழக்கம்போல் விடியும். அவனிடம் சென்றுவிட்ட நெஞ்சுடையார்க்கே அது ஊழியாகும்.

ஆகவே, கருட சேவை கண்டு வீடு திரும்பும் அன்பர்காள்! ஊர் சேர்ந்தபின் வழக்கமான அலுவல்களில் மனம் பொருந்தாமல், ஏதோ ஒன்றைப் பொருநைக்கரையிலேயே விட்டுவந்தது போன்ற உணர்வு எழுமாயின், சேவை பலிக்கவில்லையே என்று கலங்க வேண்டா. பராங்குச நாயகி பெற்ற தனிவளத்தில் ஒரு துளி உங்களுக்கும் கிட்டியது என்று தேறி, அதைப் பேணிக் காப்பீர்களாக.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.